அஞ்சு வயசுக் குழந்தைக்குப் புதிர்ப் புத்தகமா, நாமே வரைந்து கொடுப்பதா?

திருப்பூர்_அம்மா | திங்கள், இரவு 9:52

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு ஜூலையில் 5 முடிந்தது, யூகேஜி படிக்கிறாள். ஸ்கூல் விட்டு வந்ததும் என் போனில் ஒரு விளையாட்டு ஆடுவாள். முயலை விரலால் இழுத்து வழி கண்டுபிடித்துக் கேரட்டிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஐம்பது, அறுபது லெவல் தாண்டிவிட்டாள். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

போன வாரம் கடையில் அதே மாதிரி ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. வழி கண்டுபிடி, புள்ளிகளை இணை, ஆறு வித்தியாசம் எல்லாம் இருந்தது, ஆசையாக வாங்கி வந்தேன். முதல் பக்கத்தில் பென்சில் சுவரையெல்லாம் உடைத்துக்கொண்டு நேராகக் கேரட்டுக்குப் போனது. அடுத்த பக்கத்தில் தப்பான சந்துக்குள் நுழைந்து, ரப்பரால் தேய்த்துத் தேய்த்து, தாள் கிழிந்து, ஒரே அழுகை. அதற்கப்புறம் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்கிறாள்.

போனில் முடிவது காகிதத்தில் ஏன் முடியவில்லை? இந்த வயசில் காகிதப் புதிரால் நிஜமாகவே நன்மை இருக்கிறதா, இல்லை நம் மனத் திருப்திக்கு வாங்கிக் கொடுக்கிறோமா? "அழவைத்துச் சொல்லிக்கொடுக்க அது என்ன பரீட்சையா" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை.

---

கைவிரல் | திங்கள், இரவு 10:31

நான் குழந்தைகளோடு வேலை செய்யும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது எழுதுவது, உடுத்துவது மாதிரி அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி கொடுப்பவள். உங்கள் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. போனில் விரல் சுவரில் இடித்தாலும் முயல் சுவரைத் தாண்டாது. நிறுத்துகிற வேலையை ஆப் செய்துவிடுகிறது. காகிதத்தில் பென்சிலை நிறுத்த வேண்டியது அவள்தான். கண் ஒரு வளைவைப் பார்க்க வேண்டும், கை வேகத்தைக் குறைக்க வேண்டும், மணிக்கட்டு திரும்ப வேண்டும். அறுபது லெவல் போனவள் இந்த மூன்றையும் இப்போதுதான் ஆரம்பிக்கிறாள். அவள் பின்தங்கிவிட்டதாக நினைக்காதீர்கள்.

வரைவதில் குழந்தைகளுக்கு ஒரு வரிசை உண்டு. ஏறக்குறைய 3 வயசில் வட்டத்தைப் பார்த்து வரைவார்கள், 4 வயசில் கூட்டல் குறி, நாலரை ஐந்தில் சதுரம், அப்புறம் முக்கோணம். சாய்சதுரம் பெரும்பாலும் 6, 7 ஆகும். சாய்கோடு கடினம். கடைப் புத்தகங்களில் முதல் பக்கத்திலேயே வளைந்து நெளிந்த குறுகலான பாதை இருந்தால், அஞ்சு வயசுக் கை திணறத்தான் செய்யும்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. நீளப் பென்சிலை எடுத்து வைத்துவிட்டு, சீவிச் சீவிக் குட்டையான கட்டைப் பென்சிலைக் கொடுங்கள். முழுக்கையால் பிடிக்க அதில் இடம் இருக்காது, மூன்று விரல் தானாக வந்து உட்காரும். தாளை மேசையில் வைப்பதற்குப் பதில் சுவரில் ஒட்டியும் பாருங்கள்.

---

கரும்பலகை | செவ்வாய், காலை 6:15

அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியை, ஒன்றாம் இரண்டாம் வகுப்பு, 17 வருஷம். புத்தகத்தை ஆறு மாசம் பரணில் போடுங்கள் அம்மா. நீங்களே வரைந்து கொடுங்கள். ஓவியம் வர வேண்டியதில்லை, என் ஆடு பார்க்க நாய் மாதிரிதான் இருக்கும்.

நான் வரைகிற முறை இது. பலர் முதலில் சுவர்களைப் போட்டுவிட்டு வழியைத் தேடுவார்கள். நான் சரியான வழியைத்தான் முதலில் போடுவேன். ஒரு மூலையில் வீடு, எதிர் மூலையில் தாத்தா கடை. நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குத் தெரு. அந்தத் தெருவிலிருந்து ஒரே ஒரு முட்டுச்சந்து பிரியும், அதன் கடைசியில் ஒரு நாய். முதல் வாரம் அவ்வளவுதான், ஒரு முட்டுச்சந்து. அடுத்த வாரம் இரண்டு. பாதை குறுகுவது கடைசியில்தான் வர வேண்டும்.

இன்னொன்று, பென்சிலை எடுக்குமுன் விரலால் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் தப்பான சந்துக்குள் போனால் அழிக்க வேண்டியதே இல்லை, திரும்பி வந்துவிடலாம். உங்கள் மகள் அழுதது தப்பான வழிக்காக இல்லை என்று நினைக்கிறேன், கிழிந்த தாளுக்காக. என் வகுப்பில் அதனால்தான் பாதி நாள் ஸ்லேட்டுதான். துடைத்தால் போயிற்று.

"நாய் கடித்துவிட்டது, திரும்பி ஓடு" என்று சொன்னால் முட்டுச்சந்தில் வேண்டுமென்றே போய்க் கடிபடும் பிள்ளைகள் உண்டு. போகட்டும்.

---

கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 11:20

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "மூளை வளரும், ஐக்யூ கூடும்" என்று இந்தப் புத்தகங்களின் அட்டையில் போடுகிறார்களே, அதை நம்பி யாரும் காசு போட வேண்டாம். ஒரு புதிரைத் திரும்பத் திரும்பப் போட்டால் அந்தப் புதிரிலும் அதை ஒட்டிய வேலைகளிலும் கை தேறும். அதிலிருந்து படிப்பு முழுவதும் தேறும் என்று தாவுவது வியாபாரப் பேச்சு.

இது பற்றிப் பேசும்போது பலர் காட்டுகிற ஆய்வு ஒன்று 2012-ல் வந்தது, சிகாகோ பல்கலைக்கழகத்தில் சூசன் லெவின் குழுவினர் செய்தது. 53 குழந்தைகள் 2 வயசிலிருந்து 4 வயசு வரை வீட்டில் எப்படி விளையாடுகிறார்கள் என்று பதிவு செய்து, நாலரை வயசில் சோதித்தார்கள். புதிர் ஆடிய பிள்ளைகள், ஒரு வடிவத்தை மனசுக்குள் திருப்பியும் நகர்த்தியும் பார்க்கிற வேலையை மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பெற்றோரின் படிப்பையும் வருமானத்தையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் இருந்தது. நல்ல ஆய்வுதான். ஆனால் அது துண்டு சேர்க்கும் ஜிக்சா, பென்சில் காகிதம் இல்லை. புதிரால் திறமை வந்ததா, திறமை உள்ள பிள்ளை புதிரைத் தேடிப் போனதா என்பதையும் அது பிரித்துச் சொல்லாது.

அதனால் பிள்ளைக்குப் பிடித்தால் கொடுங்கள், இல்லையென்றால் மண்ணில் விளையாட விடுங்கள்.

---

கரும்பலகை | செவ்வாய், மாலை 5:40

சார், ஐக்யூ என்று நான் வாயே திறக்கவில்லையே. எனக்குத் தெரிவது சின்ன விஷயம். ஜூன் மாதம் பென்சிலை வைத்ததும் இழுத்துக்கொண்டு ஓடுகிற பிள்ளை, டிசம்பரில் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி முதலில் தாளைப் பார்க்கிறான். அந்த இரண்டு மூன்று நொடி போதும் எனக்கு. கழித்தல் கணக்கிலும் அதே பையன் குறியைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறான். புதிரால் வந்ததா, வயசு ஏறியதால் வந்ததா என்று கேட்டால் என்னால் நிரூபிக்க முடியாது.

---

கைவிரல் | செவ்வாய், இரவு 8:05

டீச்சர் சொல்கிற அந்த இரண்டு நொடியைத்தான் ஸ்டான்லி போர்ட்டியஸ் என்பவர் ஆஸ்திரேலியாவில் 1914 வாக்கில் சோதனையாகவே அமைத்தார். காகிதத்தில் அச்சிட்ட வழிப்புதிர்கள். பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதைவிட, முன்கூட்டியே பார்த்துத் திட்டமிடுகிறதா, அவசரப்பட்டு முட்டுச்சந்தில் நுழைகிறதா என்று பார்ப்பதற்காக. ஆனால் அது அளக்கிற கருவி சார், வளர்க்கிற மருந்து இல்லை. அந்த வகையில் உங்கள் எச்சரிக்கை சரிதான்.

---

தூங்காநகரம் | செவ்வாய், இரவு 11:48

நான் செய்த தப்பைச் சொல்கிறேன், யாராவது தவிர்க்கலாம். மகனுக்கு 6 வயசில் தினமும் ஒரு தாள் கொடுத்தேன். நன்றாகப் போட்டான். எனக்கு ஆசை வந்து போனில் ஸ்டாப்வாட்ச் வைத்தேன். "நேற்று 2 நிமிஷம், இன்றைக்கு ஒன்றரை" என்று நோட்டில் எழுதி ஒரு கோப்பு வேறு. பத்தாவது நாள் தாளை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான். கேட்டால் "தாள் தொலஞ்சு போச்சு" என்றான். நிஜத்தில் தொலைந்தது எது என்று எனக்கு உறைக்க இன்னும் ஒரு வாரம் ஆனது.

இப்போது வேறு மாதிரி. இருவரும் புள்ளிக்கட்டம் ஆடுகிறோம். நாலுக்கு நாலு புள்ளி, ஆளுக்கு ஒரு கோடு, கட்டத்தை மூடுகிறவருக்குக் கட்டம், மூடினால் இன்னொரு கோடு. நாம் எல்லோரும் ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் ஆடியதுதான். முதலில் கண்ட இடத்தில் கோடு போடுவான். ஒருநாள் திடீரென்று "அப்பா, மூணாவது கோடு யார் போடுறாங்களோ அவங்க போச்சு" என்றான். நான் சொல்லித்தரவே இல்லை. அடுத்த ஆட்டத்திலிருந்து இருவருமே மூன்றாவது கோட்டைப் போடாமல் தவிர்த்துத் தவிர்த்து, கடைசியில் போட வேறு இடமே இல்லாமல் மாட்டிக்கொள்வோம். அந்த நேரத்து அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

---

கணக்குப்பிள்ளை | புதன், காலை 7:10

அந்த ஆட்டம் 1889-லேயே அச்சில் வந்துவிட்டது. பிரெஞ்சுக் கணிதக்காரர் எடுவார் லூக்கா எழுதி வைத்தார், அங்கே மாணவர்கள் ஆடியதைப் பார்த்து. நாலுக்கு நாலு புள்ளியில் 24 கோடு, 9 கட்டம். அஞ்சு வயசுக்கு மூன்றுக்கு மூன்று புள்ளி போதும்: 12 கோடு, 4 கட்டம். தோற்றாலும் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும், அடுத்த ஆட்டம் ஆடலாம்.

(ஆமாம், இதற்கு மட்டும் எனக்கு ஆட்சேபணை இல்லை.)

---

ஊடுபுள்ளி | புதன், மதியம் 2:25

நான் பாட்டி, கும்பகோணம். இவ்வளவு பேர் இவ்வளவு பேசுகிறீர்கள், வாசலில் போடுவதை ஒருத்தரும் சொல்லவில்லையே.

பேத்திக்கு ஐந்தரை வயசு. சிக்குக்கோலத்தை முதலில் நோட்டில்தான் போடவைத்தேன். வாசலில் மாவு சிந்தினால் என் மருமகள் ஒன்றும் சொல்ல மாட்டாள், எனக்குத்தான் பொறுக்காது. நேர்ப்புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி, புள்ளிகளுக்கு நடுவே சாய்வாக ஊடி, ஓரத்தில் வளைந்து திரும்ப வேண்டும். தொடங்கிய இடத்துக்கே கோடு வந்து சேர வேண்டும். முதலில் நான் மெல்லிசாகப் போட்டுக் கொடுத்து, அவள் அதன் மேலேயே ஓட்டினாள்.

அப்புறம் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தோம். கோடு கைவிடாமல் எல்லாப் புள்ளியையும் சுற்றி வந்துவிட்டால் ஒரே கலர். நடுவில் மூடிக்கொண்டு மிச்சப் புள்ளி நின்றால், அடுத்த கலர் பென்சில் எடுத்து அடுத்த கோடு. 2 புள்ளி 2 வரிசை போட்டால் இரண்டு கலர் ஆகிறது. 2 புள்ளி 3 வரிசையில் ஒரே கலர். 3க்கு 3 போட்டால் மூன்று கலர். போடுமுன் "எத்தனை கலர் சொல்லு" என்று பந்தயம். ஜெயித்தால் ஒரு கடலைமிட்டாய், தோற்றால் எனக்கு. எனக்குச் சர்க்கரை, அதனால் அவளே இரண்டையும் தின்கிறாள்.

---

கணக்குப்பிள்ளை | புதன், மதியம் 3:02

பாட்டி, உங்களுக்கு ஒரு கும்பிடு. நீங்கள் பந்தயம் கட்டுவது மீப்பெரு பொதுக் காரணி மேல், அதாவது இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கிற மிகப் பெரிய எண் மேல். செவ்வகமாக நேர்ப்புள்ளி வைத்து இப்படி ஊடினால், புள்ளி எண்ணிக்கைக்கும் வரிசை எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணிதான் கலர் எண்ணிக்கை. 4க்கு 6 போட்டால் இரண்டு கலர், 3க்கு 5 போட்டால் ஒன்று. பள்ளியில் அந்தப் பாடத்தை வகுத்து வகுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள், ஒரு வாரத்தில் மறந்தேன். இப்போது ஆபீஸில் உட்கார்ந்து 6க்கு 9 போட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்று வரவேண்டும், நான்கு வருகிறது. எங்கோ வளைவைத் தவறவிட்டிருக்கிறேன்.

---

ஊடுபுள்ளி | புதன், மதியம் 3:40

ஓரத்தில் புள்ளியைச் சுற்றாமல் திரும்பியிருப்பீர்கள் தம்பி. எல்லோருக்கும் அங்கேதான் விடும். பேத்தியிடம் இந்தக் காரணி விஷயத்தை இப்போதைக்குச் சொல்லப்போவதில்லை.

---

இடக்கை | புதன், இரவு 9:15

ஒரு சின்னக் குறிப்பு, பலருக்குத் தோன்றாது. பிள்ளை இடது கைப் பழக்கமா என்று பாருங்கள். பயிற்சிப் புத்தகங்களில் மாதிரிப் படம் இடப்பக்கம் இருக்கும், வலப்பக்கம் நாம் வரைய வேண்டும். இடது கையால் வரைந்தால் கையே மாதிரியை மறைத்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. மந்தம் என்றார்கள். படம் தெரியவில்லை என்று சொல்ல எனக்கும் தெரியவில்லை. மாதிரியை மேலேயோ வலப்பக்கமோ வைத்தால் தீர்ந்தது.

---

தூங்காநகரம் | வியாழன், இரவு 10:20

இன்றைக்கு ஒரு வம்பு பண்ணினேன். கை எடுக்காமல் தபால் உறை வரையும் புதிர் இருக்கிறதே, சதுரமும் உள்ளே பெருக்கல் குறியும், அதை மகனுக்குக் கொடுத்துவிட்டேன். போன கோட்டிலேயே மறுபடி போகக் கூடாது. முடியாது என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ஒரு மணி நேரமாகப் போட்டுக்கொண்டிருக்கிறான். மனைவி முறைக்கிறாள்.

---

கரும்பலகை | வெள்ளி, காலை 6:05

இது சரியில்லை சார். விடையே இல்லாததைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை. பெரியவர் கொடுத்தால் அதற்கு விடை இருக்கும் என்று ஒரு நம்பிக்கையில்தான் அவன் உட்கார்ந்திருக்கிறான்.

---

டோர்ட்முண்ட்_அப்பா | வெள்ளி, மாலை 4:30

வணக்கம், ஜெர்மனியிலிருந்து. யாழ்ப்பாணத்தில் சின்ன வயசில் நாங்களும் அந்த உறையோடு மல்லுக்கட்டியிருக்கிறம். இங்கே பிள்ளைகள் அதற்கு ஒரு கூரை போட்டு விளையாடுகிறார்கள். "தாஸ் இஸ்ட் தாஸ் ஹவுஸ் ஃபொம் நிக்கோலவுஸ்" என்று ஒரு வரி. "இது நிக்கோலவுஸின் வீடு" என்று அர்த்தம். அதில் எட்டு அசை, வீட்டுக்கும் எட்டுக் கோடு. ஒரு அசைக்கு ஒரு கோடாகச் சொல்லிச் சொல்லி வரைய வேண்டும். என் மகள் கிண்டர்கார்டனில் பழகி வந்தாள். வீட்டில் தமிழ் மட்டும் கதைக்கிற அம்மம்மாவும் இப்ப அந்த ஒரு வரி ஜெர்மன் கதைப்பா.

விஷயம் என்னவென்றால், கூரை போட்டால் முடியும். உறையின் நாலு மூலையிலும் மூன்று மூன்று கோடு வந்து சேருது. கோடு ஒற்றைப்படையாக வருகிற மூலை ஒன்றில் தொடங்கலாம், இன்னொன்றில் முடிக்கலாம், அதற்கு மேல் அப்படி மூலை இருந்தால் சிக்கல். கூரை வைத்தால் மேலே இரண்டு மூலைக்கும் நாலு கோடாகிவிடும், கீழே இரண்டுதான் மிச்சம். கீழ் மூலையில் தொடங்கினால் வரும், மேலே தொடங்கினால் வராது. கீழே இடது மூலையில் இருந்து மட்டும் 44 விதமாகப் போடலாம். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே தடவை மட்டும் கடந்து ஏழையும் சுற்றி வர முடியுமா என்று கோனிக்ஸ்பெர்க் நகரத்தில் ஒரு புதிர் இருந்தது, அதற்குக் கணித மேதை ஆய்லர் 1736-இல் சொன்ன கணக்கு இதுதான்.

உறையையும் கூரை வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுங்கோ. ஒன்று வரும், ஒன்று வராது. ஏன் என்று பிள்ளையே கேட்கும். டீச்சர் சொன்னதும் அப்ப அடிபடாது.

---

தூங்காநகரம் | வெள்ளி, இரவு 9:58

கொடுத்தேன். வீடு ஆறாவது தடவையில் வந்துவிட்டது. அதற்கப்புறம் உறையைக் கையில் எடுத்து, "அப்பா, இது உனக்கு முன்னாடியே தெரியுமா" என்று கேட்டான். தெரியும் என்றேன். ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு நாளைக்கு ஸ்கூலில் நண்பனிடம் கொடுக்கப் போகிறானாம். டீச்சர் மன்னிக்கவும், தொற்று பரவுகிறது.

---

கைவிரல் | சனி, காலை 10:12

தமிழ்ச் சொல் தேடும் கட்டம் செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இணையத்தில் தானாகச் செய்து தரும் பல கருவிகள் "கொ" என்பதை உடைத்து, க ஒரு கட்டம், கொம்பும் காலும் வேறு கட்டம் என்று அச்சிட்டுத் தரும். எழுத்தே தடுமாறும் வயசில் பிள்ளை அதைப் பார்த்தால் குழம்பிவிடும். கையால் கட்டம் போடுங்கள், ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம். புள்ளி இணைப்பதற்கும் 1, 2, 3 மட்டும்தானா? அ முதல் ஔ வரை 12 புள்ளி வைத்தால் ஒரு மீன் வந்துவிடும்.

---

கரும்பலகை | சனி, மதியம் 1:30

மீனுக்கு 12 தாராளம். யானைக்கு ஃ-ம் சேர்த்தால்கூடப் பத்தாது.

திருப்பூர் அம்மா, இன்னொன்று விட்டுவிட்டேன். அழித்துக் கிழிக்கிற பிள்ளைக்குப் பென்சிலே இல்லாமல் ஆரம்பிக்கலாம். நாலுக்கு நாலு கட்டம் போட்டு, நடுவில் தடித்த கோட்டால் நாலு வீடாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பட்டாணி, கொண்டைக்கடலை, உளுந்து, ராஜ்மா. ஒவ்வொரு வரிசையிலும், ஒவ்வொரு நெடுக்கிலும், ஒவ்வொரு வீட்டிலும் நாலும் ஒரு தடவை வர வேண்டும். நீங்களே நிரப்பி, நாலை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுங்கள். "இங்கே பட்டாணி ஏற்கெனவே இருக்கு, அதனால வராது" என்று அவள் வாயால் வரும். 'அதனால' என்ற சொல்லை ஒரு பிள்ளை இடம் பார்த்துப் போடுவதைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். உளுந்து மூக்கில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

திருப்பூர்_அம்மா | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6:44

எல்லோருக்கும் நன்றி. உடனே எழுதாததற்கு மன்னிக்கவும், கம்பெனியில் ஷிப்மென்ட் நேரம்.

புத்தகம் பரணில்தான் இருக்கிறது. கட்டைப் பென்சில், இரண்டு விரல் தெரு, ஒரு முட்டுச்சந்து. முதல் நாள் நான் வரைந்த நாயைப் பார்த்து, "அது பன்னிதானே" என்று சிரித்ததில் அழுகை மறந்துபோனது. இப்போது மூன்று முட்டுச்சந்து வரை போகிறாள். சில நாள் தொடுவதே இல்லை, நானும் கேட்பதில்லை. போன் விளையாட்டு முழுசாக நிற்கவில்லை, பொய் சொல்ல விரும்பவில்லை. வீட்டுக்காரர் புள்ளிக்கட்டத்தில் அவளிடம் தோற்கிறார். வேண்டுமென்றே என்கிறார், நான் பார்த்தவரை அப்படித் தெரியவில்லை.

நேற்று அவளே ஒரு தாள் வரைந்து என்னிடம் கொடுத்தாள். மேலே வீடு, கீழே "அம்மா கம்பெனி". இருபது சந்து இருக்கும். தேடித் தேடிப் பார்த்தேன், எல்லாப் பக்கமும் அடைத்திருக்கிறது. கம்பெனிக்குப் போக வழியே இல்லை. "வழி எங்கடா கண்ணு" என்றேன். "இல்லம்மா. நீ போக முடியாது" என்றாள்.

ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

---

தூங்காநகரம் | ஞாயிறு, இரவு 7:20

கரும்பலகை டீச்சர், பார்த்தீர்களா, விடை இல்லாத புதிர். இதற்கு நான் பொறுப்பில்லை.

---

கரும்பலகை | ஞாயிறு, இரவு 8:02

இதற்கு விடை இருக்கிறது சார். அம்மா ஒருநாள் லீவு போட வேண்டும்.